மேட்டூர் திறந்தால்தான் லாபமா? முதலாளியின் பார்வையும் நிறுவனத்தின் கணக்கும்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் காவிரிப் படுகையில் எந்தக் கடைக்குப் போனாலும் பேச்சு மேட்டூரில்தான் ஆரம்பிக்கும். உரக்கடை என்றில்லை; நகைக்கடை, ஜவுளிக்கடை, டிராக்டர் ஷோரூம், கல்யாண மண்டபம், எங்கேயும் அதே கதைதான். "வியாபாரம் எப்படிண்ணே போவுது?" என்று கேட்டால், "அணையில எத்தனை அடி நிக்குதுன்னு சொல்லுங்க தம்பி, வியாபாரம் எப்படின்னு நான் சொல்றேன்" என்பார் கல்லாவில் இருப்பவர்.

இதைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் வழக்கமான ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்படவே இல்லை. 2012-ல் செப்டம்பர் 17, 2017-ல் அக்டோபர் 2, 2019-ல் ஆகஸ்ட் 13 என்று தள்ளித் தள்ளித்தான் தண்ணீர் வந்தது. பம்புசெட் உள்ளவர்கள் நிலத்தடி நீரை வைத்துக் குறுவையை ஓட்டினார்கள். ஆற்றுப் பாசனத்தை நம்பியவர்கள் ஒருபோகச் சம்பாவோடு நின்றார்கள். குறுவை அறுவடைப் பணம் தீபாவளிக்கு முன் கைக்கு வரும். சம்பா பணம் தை, மாசிக் கல்யாணங்களுக்கு வரும். குறுவை போனால் தீபாவளி ஜவுளி படுத்துவிடும் என்பது திருவாரூரிலும் மன்னார்குடியிலும் கடை வைத்திருக்கும் எவரும் சொல்லும் கணக்கு.

ஆனால் அதே தெருவில், அதே தண்ணீரை நம்பி, ஒரே சரக்கை விற்கும் இரண்டு கடைகளில் ஒன்று அந்த எட்டு ஆண்டுகளில் கிளை திறக்கிறது, இன்னொன்று ஷட்டரை இறக்குகிறது. டெல்டா ஊர்களில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. தண்ணீர் இரண்டுக்கும் பொது என்றால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? மூலதனம், கடன், இடம், அதிர்ஷ்டம் என்று பல விடைகள் உண்டு. மேலே உட்கார்ந்திருப்பவர் உலகத்தை எப்படிப் பார்க்கிறார் என்பதும் அவற்றில் ஒன்று. நிர்வாகவியல் ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டாக இதை நோண்டி வருகிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். உள்பார்வை, வெளிப்பார்வை என்று பேசும்போது இரண்டு வேறு விஷயங்களை ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். ஒன்று, காரணம் பற்றியது: லாபமோ நஷ்டமோ தன் செயலால் வந்தது என்று தலைவர் நினைக்கிறாரா, வெளியிலிருந்து வந்து விழுந்தது என்று நினைக்கிறாரா? மற்றது, கவனம் பற்றியது: அவருடைய நேரமும் யோசனையும் ஆள், கணக்கு, இயந்திரம் என்று உள்ளேயே சுற்றுகின்றனவா, வாடிக்கையாளர், போட்டியாளர், புதுத் தொழில்நுட்பம் என்று வெளியே போகின்றனவா? காரணத்தைத் தன்னிடம் தேடி, கவனத்தை வெளியே வைக்கும் ஆள் ஒருவர் இருக்கலாம். நேர் எதிராக, காலை முதல் இரவு வரை கடைக்குள்ளேயே கண்ணை வைத்துக்கொண்டு, பழியை மட்டும் வெளியே போடுபவரும் இருக்கலாம். ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், நிறுவனத்துக்கு அதிகம் நஷ்டம் தருவது இந்த இரண்டாவது சேர்க்கைதான் என்பது என் கணிப்பு.

காரணம் பற்றிய ஆய்வுக்கு வேர் 1966-ல் அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் வெளியிட்ட ஓர் அளவுகோல். வாழ்க்கையில் நடப்பவை தன் முயற்சியால் நடக்கின்றன என்று ஒருவர் எவ்வளவு நம்புகிறார், விதி, அதிர்ஷ்டம், பெரிய மனிதர்கள் கையில் இருக்கிறது என்று எவ்வளவு நம்புகிறார் என்பதைக் கேள்வித்தாள் மூலம் அளப்பது அது. அதை முதலாளிகளிடம் கொண்டுபோனவர்கள் பலர். அவர்களில் டெல்டா வாசகருக்கு நெருக்கமாகப் படக்கூடியவர் கார்ல் ஆண்டர்சன்.

1972 ஜூனில் ஆக்னஸ் என்ற புயல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெருவெள்ளத்தைக் கொண்டுவந்தது. கடைகளும் சிறு தொழிற்கூடங்களும் மூழ்கின. அங்கே தொழிலை நடத்திக்கொண்டிருந்த சிறு முதலாளிகளிடம் ஆண்டர்சன் ராட்டர் அளவுகோலைக் கொடுத்து விவரம் திரட்டினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்து மறுபடி போய்ப் பார்த்தார். இழப்புக்கு மழைதான் காரணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்க முடியாது. ஆனாலும் 'இனி நடப்பது என் கையில்' என்ற எண்ணமுள்ளவர்கள் மன அழுத்தம் குறைவாக உணர்ந்தார்கள். கடன் ஏற்பாடு, சரக்குக் கொள்முதல், கட்டடத்தைச் சீர்செய்வது என்று வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய தொழில்தான் பின்னால் நன்றாக மீண்டது. மற்றவர்கள் கோபத்திலும் புலம்பலிலும் அதிக நேரம் கழித்தார்கள்.

இதைப் படிக்கும்போது 2018 நவம்பர் 16 விடியற்காலை நினைவுக்கு வராமல் இருக்காது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. தோப்புக்காரர் இழப்பைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்தத் தோப்புகளை நம்பியிருந்த கயிறு, நார் ஆலைகளை யோசித்துப் பாருங்கள். தேங்காய் மட்டை வந்தால்தான் இயந்திரம் ஓடும். மரம் விழுந்தது ஒரே இரவில். புதுக்கன்று வைத்தால் நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம். அப்படி ஓர் ஆலை முதலாளி முன்னால் அன்று என்னென்ன இருந்தன? நிவாரணத்துக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். பொள்ளாச்சிப் பக்கமிருந்து மட்டை இறக்கினால் லாரி வாடகை கட்டுமா என்று கணக்குப் போடலாம். நார் குறைந்தாலும் நார்க்கழிவைக் கட்டியாக்கி விற்க வழி உண்டா என்று விசாரிக்கலாம். ஆட்களை வைத்துக்கொள்வதா, பாதியாகக் குறைப்பதா என்று முடிவெடுக்கலாம். வங்கியில் தவணையைத் தள்ளிக் கேட்கலாம். முதல் வழியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் 'இதில் எனக்குச் செய்ய ஏதோ இருக்கிறது' என்ற நினைப்பு முன்கூட்டியே வேண்டும். அந்த நினைப்பு உள்ளவர் எல்லாம் பிழைத்துவிடுவார் என்று சொல்லவில்லை. அது இல்லாதவர் கணக்கே போட மாட்டார், அவ்வளவுதான்.

ஆண்டர்சன் கண்ட இன்னொன்றை மேடைப் பேச்சாளர்கள் விட்டுவிடுகிறார்கள். இரண்டரை ஆண்டு முடிவில், தொழில் நன்றாக நடந்த தன்னம்பிக்கைக்காரர்கள் 'எல்லாம் என் கையில்' என்ற எண்ணத்தில் இன்னும் உறுதியானார்கள். விதியை நம்பித் தொழிலும் சரிந்தவர்கள் இன்னும் அதிகமாக விதியை நம்பத் தொடங்கினார்கள். அதாவது பார்வை லாபத்தை மாற்றுகிறது, லாபமும் பார்வையை மாற்றுகிறது. ஜெயித்தவரைக் கூப்பிட்டு வெற்றியின் ரகசியம் கேட்டால் "உழைப்புதாங்க" என்றுதான் சொல்வார். பணம் வந்தபின் வந்த தெளிவு எவ்வளவு, பணத்தைக் கொண்டுவந்த தெளிவு எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. வெற்றிக்கதைப் பேட்டிகளை நான் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

1982-ல் டேனி மில்லரும் மான்ஃப்ரெட் கெட்ஸ் டி விரீஸும் இன்னொருவரும் கனடா நிறுவனங்களில் ஆராய்ந்தார்கள். தன் கையில் நம்பிக்கை உள்ள தலைவர்களின் நிறுவனங்கள் புதுமையில் அதிகம் இறங்கின, துணிந்து அபாயங்களை ஏற்றன, போட்டியாளரைப் பின்தொடராமல் முந்திப் போகப் பார்த்தன. 1996-ல் கிறிஸ்தோஃப் போன் குழுவினர் பெல்ஜியத்தின் சிறு மரச்சாமான் தொழிற்கூடங்களை எடுத்துக்கொண்டு நேரடியாக நிதிநிலையையே பார்த்தார்கள். அங்கும் அதே பக்கம்தான் தராசு சாய்ந்தது. சிறிய நிறுவனங்களில் இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிவதில் வியப்பில்லை. மரச்சாமான் பட்டறையில் முதலாளியே கொள்முதல், முதலாளியே விற்பனை. அவர் மனநிலை நேராகக் கணக்கில் விழும். பத்தாயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் அது வழியிலேயே பாதி கரைந்துபோகும்.

இனி கவனம் பற்றிய கேள்வி. தலைவர் எதைப் பற்றி நினைக்கிறார் என்பதை மண்டையைத் திறந்து பார்க்க முடியாது. ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள்: ஆண்டறிக்கையின் தொடக்கத்தில் தலைவர் பங்குதாரர்களுக்கு எழுதும் கடிதத்தை எடுத்து, எத்தனை வாக்கியம் உள்விவகாரம், எத்தனை வாக்கியம் வெளியுலகம் என்று எண்ணுவது. 1990-ல் ரிச்சர்ட் டி'அவேனியும் இயன் மக்மில்லனும் திவாலான 57 நிறுவனங்களையும், அவற்றோடு பொருந்தக்கூடிய, ஆனால் பிழைத்துக்கொண்ட 57 நிறுவனங்களையும் இப்படி ஒப்பிட்டார்கள். சரக்குக்குத் தேவை விழுந்த நெருக்கடிக் காலத்தில் இரு பக்கமும் பிரிந்தன. பிழைத்தவர்களின் கடிதங்கள் வெளியே என்ன நடக்கிறது என்பதில் கவனம் வைத்தன. மூழ்கியவர்களின் கடிதங்களில் வாங்குபவர் காணாமல் போனார். கடன், கச்சாப்பொருள், உள்நிர்வாகம் என்றே அவை பேசின.

கும்பகோணத்தில் வியாபாரம் செய்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. எவர்சில்வர் வீடுகளுக்குள் நுழைந்தபோது பித்தளைப் பாத்திர வியாபாரத்துக்கு வந்த சோதனை இதே ரகம். அன்று கூலியைக் குறைப்பதும், எடையில் சிக்கனம் பார்ப்பதும், பழைய கடனை வசூலிப்பதும் நியாயமான வேலைகள்தான். ஆனால் சமையலறையில் நிற்கும் பெண் புளி போட்டுத் தேய்க்க வேண்டாத பாத்திரத்தைக் கண்டுவிட்டாள் என்பது பட்டறைக் கணக்கில் தெரியாது. சீர்வரிசைப் பாத்திரம், கோயில் சாமான், குத்துவிளக்கு என்று பித்தளைக்கு எங்கே இடம் மிச்சமிருக்கிறது என்று பார்க்கத் தெருவுக்கு வந்தாக வேண்டும்.

நெருக்கடியில் ஏன் கண் உள்ளே போகிறது? கையில் பிடிபடுவது அதுதான். வாடகையைக் குறைக்கலாம், ஆளை நிறுத்தலாம், மின்கட்டணத்தைத் திட்டலாம். செய்த உடனே ஏதோ செய்த திருப்தி. பயந்த மனமும் பயந்த நிறுவனமும் பழகிய வழியையே இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று 1981-ல் பாரி ஸ்டாவும் கூட்டாளிகளும் எழுதினார்கள்.

2007-ல் மஞ்சித் யாதவ், ஜெய்தீப் பிரபு, ராஜேஷ் சாண்டி ஆகிய மூவரும் இதே கடித முறையில் அமெரிக்க வங்கிகளைப் பார்த்தார்கள். வெளியுலகத்தையும் வருங்காலத்தையும் பற்றி அதிகம் எழுதிய தலைவர்களின் வங்கிகள் இணைய வங்கிச் சேவையை முன்கூட்டியே கவனித்தன, சீக்கிரம் உருவாக்கின, பரவலாகப் பயன்படுத்தின. இது புதுமை பற்றிய முடிவுதான், லாபம் பற்றியதில்லை. புதுமை எல்லாம் லாபம் ஆகாது.

வங்கி என்று வந்தபின் நம் ஊர்ப் பக்கம் பார்க்காமல் போக முடியாது. 1904-ல் கும்பகோணம் வங்கி என்று ஆரம்பித்தது இன்றைய சிட்டி யூனியன் வங்கி. முதல் கிளையைத் திறந்தது 1930-ல், மன்னார்குடியில். தலைமையகம் இன்றும் கும்பகோணத்தில்தான். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்குக் கொடுக்கும் கடனும் நகைக்கடனும் விவசாயக் கடனுமே அதன் கடன்களில் பெரும்பகுதி. டெல்டாவுக்குச் சற்று மேற்கே, கரூரில் 1926-ல் பிறந்தது லட்சுமி விலாஸ் வங்கி. அதுவும் வணிகர்களுக்குக் கடன் கொடுத்து வளர்ந்ததுதான். பின்னாளில் பெரிய நிறுவனங்களின் பக்கம் திரும்பியது, வாராக்கடன் ஏறியது, 2019 செப்டம்பரில் நிதிநிலை மோசமான வங்கிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் ரிசர்வ் வங்கியின் உடனடித் திருத்த நடவடிக்கைக்குள் வந்தது. 2020 நவம்பர் 27 அன்று டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது.

'வெளியே பார்' என்ற உபதேசத்தை அப்படியே விழுங்கக் கூடாது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். சென்னை, மும்பையின் பெரிய கடன்களைப் பார்ப்பதும் வெளிப்பார்வைதான். கடன் வாங்குபவரின் கடைக்கு எதிரில் நின்று, மாலை ஆறு மணிக்கு எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று பார்ப்பதும் வெளிப்பார்வைதான். ஆய்வாளர் வாக்கியங்களை எண்ணும்போது இரண்டும் ஒரே பட்டியலில் விழும். வங்கியின் கணக்கில் ஒரே பட்டியலில் விழாது.

எந்தப் பார்வை எவ்வளவு பலன் தரும் என்பது, அந்தத் தொழிலில் முதலாளி தானாக முடிவெடுக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. டெல்டா அரிசி ஆலைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல்லைக் கூலிக்கு அரைத்துக் கொடுக்கும் ஆலை. நெல் கொடுப்பவரும் அரிசி வாங்குபவரும் அரசுதான், விலையும் கூலியும் அரசுதான் வைக்கும். 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கல் அரிசி என்றால் 68 கிலோ, பச்சரிசி என்றால் 67 கிலோ திருப்பித் தர வேண்டும். இங்கே முதலாளி சந்தையைப் பற்றி எவ்வளவு யோசித்தாலும் ஒரு பைசா கூடாது. ஊறல் எத்தனை மணி நேரம், ஆவி சரியாக ஏறியதா, களத்தில் அவசரப்பட்டுக் காயவைத்து மணி வெடித்ததா, ரப்பர் ரோலை மாற்ற வேண்டிய நேரம் தாண்டிவிட்டதா என்பவைதான் அவர் லாபம். நொய் கூடினால் 68 எட்டாது. குறைவது அவர் கையைக் கடிக்கும். பாய்லர் பக்கம் நிற்கும் மேஸ்திரியின் பேச்சைக் கேட்பவர் இந்த வகை ஆலையில் நல்ல தலைவர். உள்பார்வை என்று யாராவது குறை சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம்.

இன்னொன்று, சொந்தமாக நெல் வாங்கி, சொந்தப் பெயர் அச்சிட்ட பையில் அரிசி விற்கும் ஆலை. கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வரும் அரிசியோடு அதே மளிகைக் கடை அலமாரியில் போட்டி. சென்னையில் வேலைக்குப் போகும் வீட்டுக்காரர்கள் 25 கிலோ சிப்பத்தை விட்டு 5 கிலோப் பைக்கு மாறினால் அதை முதலில் அறிய வேண்டியவர் இவர். மேலே சொன்ன முதலாளியின் பழக்கத்தோடு இவர் உட்கார்ந்திருந்தால், அரிசி அருமையாக இருக்கும், குடோனிலேயே இருக்கும்.

அதிர்ஷ்டத்தைத் திறமையாக எண்ணிக்கொள்வதும் ஒரு பார்வைக் கோளாறுதான். செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ரான்டும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பணத்தில் காட்டியது. அமெரிக்காவின் பெரிய எண்ணெய் நிறுவனங்களில், உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஏறியதால் மட்டும் லாபம் கூடிய ஆண்டுகளிலும் தலைமை அதிகாரிகளின் ஊதியம் கூடியது. அந்த விலையில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. நிர்வாகத்தைத் தட்டிக்கேட்கும் பெரிய பங்குதாரர் இருந்த நிறுவனங்களில் இது குறைவாக இருந்தது. 2020-ல் மேட்டூர் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜூன் 12 அன்றே திறந்தது. அந்த ஆண்டு உரம் விற்றுத் தீர்ந்த கடைக்காரருக்கும் தன் விற்பனைத் திறனைப் பற்றிப் பேச உரிமை உண்டு, ஆனால் பக்கத்துக் கடையிலும் தீர்ந்ததா என்று கேட்டுவிட்டுப் பேசலாம்.

'தவறு என்னுடையது' என்று ஆண்டறிக்கையில் எழுதும் தலைவரையும் உடனே நம்பிவிட முடியாது. 1984-ல் ஜெரால்ட் சாலன்சிக்கும் ஜேம்ஸ் மைன்டலும் பார்த்தபோது, லாபம் ஏறி இறங்கித் தடுமாறும் நிறுவனங்களின் நிர்வாகங்கள்தான் நல்லதுக்கும் கெட்டதுக்கும் தாமே பொறுப்பு என்று அதிகம் எழுதின. கடிவாளம் தங்கள் கையில் இருப்பதாகக் காட்டிக்கொள்ள அது ஒரு வழி. பொறுப்பேற்பு உண்மையா என்று பார்க்க, அடுத்த ஆண்டு எதை மாற்றினார்கள் என்று தேட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனதற்கு டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்கார் பொறுப்பில்லை. தஞ்சாவூர்–புதுக்கோட்டைப் பேருந்தில் தொடங்கிய அவருடைய நிறுவனம், வண்டியைக் கரிவாயுவில் ஓட்டும் கருவியைத் தயாரித்து இறக்கியது. காரணம் யாருடையது என்ற வாதத்தை விட அந்தக் கருவி கூடுதலாகப் பேசுகிறது.

டெல்டாவில் இந்த ஆராய்ச்சியை உடனே பயன்படுத்தக்கூடிய இடம் என்று எனக்குத் தோன்றுவது உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள். ஒன்றிய அரசு 2020-ல் பத்தாயிரம் நிறுவனம் அமைக்கும் திட்டத்தை ஆரம்பித்தபின் இவை பெருகின. உறுப்பினர்களே பங்குதாரர்கள், தலைமை அதிகாரிக்குச் சம்பளம், ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு. பொதுக்குழுவில் அறிக்கை வாசிப்பார்கள். மழை, தண்ணீர், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டித் திருப்பி அனுப்பிய நெல் என்று காரணங்கள் வரும். எல்லாம் உண்மையாகவே இருக்கும். அதைக் கேட்டுவிட்டு, போர்டு கூட்டத் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டலாம். ஓராண்டுத் தீர்மானங்களில் அலுவலக வாடகை, ஊழியர் நியமனம், தணிக்கையாளர் கட்டணம், பூஜைச் செலவு எத்தனை, புதிதாக யாரிடம் விற்கப் போனோம், அவர் என்ன விலை சொன்னார் என்பது எத்தனை என்று எண்ணிவிடலாம். டி'அவேனியும் மக்மில்லனும் செய்ததும் ஏறக்குறைய அதுதான். எண்ணி முடித்தபின் ஈரப்பதப் பிரச்சினைக்கே திரும்பி வந்து, உலர்த்தும் இயந்திரம் வாடகைக்கு எடுக்க விலைப்புள்ளி கேட்டீர்களா, எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்று தலைமை அதிகாரியிடம் விசாரிக்கலாம்.